ராஜினாமாக் கடிதத்துக்கு மூன்று நாள்

போன மாதம் ஜெனிஃபர் போன் செய்தாள். என் சித்தப்பா மகனின் மகள். முறைக்கு நான் அத்தை, கூப்பிடுவது ஆன்ட்டி. தாராவியில் பிறந்து வளர்ந்தவள், இப்போது ஒரு பெரிய கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறாள்.

"ஆன்ட்டி, எனக்கு ஒரு லிஸ்ட் வேணும். ஆளுங்க ஜாப் ஏன் விடுறாங்க, காமன் ரீசன்ஸ். பத்து போதும். புது ஆப்ல போடணும். விட்டுட்டுப் போறவங்க டிக் பண்ணிட்டுப் போயிருவாங்க."

"அவங்ககிட்ட யாரும் பேச மாட்டீங்களா?"

"அதுக்குத்தானே ஆன்ட்டி ஆப்!"

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் கம்பெனியில் ஆட்கள் நாலு ஊர்களில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். யாரை எங்கே போய்ப் பார்ப்பாள்? கேட்டபடி எழுதி அனுப்பினேன். சம்பளம் போதவில்லை, மேலதிகாரி சரியில்லை, பயணம் தூரம், உடம்புக்கு முடியவில்லை, கல்யாணம், குழந்தை, வேறு வேலை, படிப்பு, சொந்த ஊர். பத்தாவது தோன்றாமல் 'மற்றவை' என்று போட்டேன். அவள் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாள்.

நான் எழுதிய லிஸ்ட் பொய்யில்லை. ஆனால் அனுப்பிய பிறகு மனசு கேட்கவில்லை. செம்பூரில் சுவிட்சும் பிளக்கும் செய்யும் ஒரு தொழிற்சாலையின் ஆள் நிர்வாகப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். வேலையை விட்டுப் போனவர்களின் கடிதங்கள் எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போயின. அந்த ஒன்பது வார்த்தைகளில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனவர்கள் மிகச் சிலர்தான். அதனால் இதை எழுதுகிறேன். ஜெனிஃபருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். அவள் அம்மா வாசித்துக் காட்டட்டும்.

நான் தாராவி தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் வளர்ந்தவள். பத்தாவது முடித்ததும் மாட்டுங்காவில் டைப்பும் ஷார்ட்ஹேண்டும் படித்தேன். கிங்ஸ் சர்க்கிளில் பஸ் இறங்கி, பூக்கடைகளையும் காப்பி மணத்தையும் தாண்டிப் போனால் மாடியில் அந்த இன்ஸ்டிடியூட். அங்கிருந்து நேராகத் தொழிற்சாலைக்கு டைப்பிஸ்ட்டாகப் போனேன். முதல் மூன்று வருடம் டைப் அடித்ததைத் தவிர வேறொன்றும் சொல்வதற்கில்லை. நான் எதையாவது கற்றுக்கொண்டேன் என்றால் அது அலமேலு மேடம் வந்த பிறகுதான்.

மேடம் மாட்டுங்காக்காரர். இரண்டு தலைமுறையாக பம்பாயில் ஆபீஸ் வேலை பார்த்த குடும்பம். நறுக்கென்று கட்டிய பருத்திப் புடவை, ஆண்கள் கட்டுகிற அளவில் பெரிய கைக்கடிகாரம். இந்தியில் ஆண்பால் பெண்பால் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுப் பேசுவார். மெஷின் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். ஆனால் அவர் சொன்னது ஒருவருக்கும் விளங்காமல் போனதில்லை.

ராஜினாமாக் கடிதத்தோடு யாராவது அறைக்குள் வந்தால், மேடம் முதலில் நாற்காலியை விட்டு எழுந்துகொள்வார். மேஜையைச் சுற்றி வந்து, சுவரோரம் கிடந்த பெஞ்சில் வந்தவருக்குப் பக்கத்தில் உட்காருவார். டீ வரும். டீ தீரும்வரை கடிதத்தைப் பிரிக்க மாட்டார். பிறகு ஒரே கேள்விதான் கேட்பார்.

"இந்த நெனப்பு எந்த நாள்லேர்ந்து வந்தது?"

ஏன் என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒருநாள் தைரியமாகக் காரணம் கேட்டேன்.

"ஏன்னு கேட்டா காரணம் சொல்லுவா, எஸ்தர். காரணம் யார் வேணா தயார் பண்ணிண்டு வரலாம். எப்போலேர்ந்துன்னு கேட்டா நடந்ததைச் சொல்லியாகணும்" என்றார்.

இதோடு ஒரு முறையும் வைத்திருந்தார். வந்த கடிதத்தை அன்றே தபால் வரவுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பது கம்பெனி விதி. மேடம் ஏற்ற மாட்டார். மூலையில் பென்சிலால் தேதி குறித்து மேஜை இழுப்பறையில் வைத்துவிடுவார். மூன்று நாள் அது அங்கேயே கிடக்கும். முதல் நாள் அறையில் பேசுவார். இரண்டாம் நாள் அந்த ஆள் வேலை செய்யும் இடத்துக்கே போவார். மூன்றாம் நாள் கேட்டுக்கு வெளியே, பஸ் ஸ்டாப்பிலோ ஸ்டேஷன் வாசலிலோ, வீட்டுக்குப் போகிறவரோடு கூடவே நடப்பார். அறையில் கிடைப்பது கம்பெனிக்குச் சொல்லும் பதில், மெஷின் பக்கத்தில் கிடைப்பது கூட வேலை செய்கிறவர்கள் காதில் விழலாம் என்ற பதில், வெளியே கிடைப்பதுதான் அவர்களுடைய பதில் என்பார். மூன்று பதிலையும் என்னை எழுதிக்கொள்ளச் சொல்வார். அதற்கென்றே என்னையும் கூட்டிப் போவார்.

சுனந்தா உல்லாஸ்நகரிலிருந்து வருவாள். அசெம்ப்ளி லைனில் அவள் விரல் வேகத்துக்கு ஈடு கிடையாது. ஷிஃப்ட் நேரம் எட்டிலிருந்து ஏழரைக்கு மாறி இரண்டு வாரம் கழித்துக் கடிதம் கொடுத்தாள். 'சொந்தக் காரணம்' என்றுதான் எழுதியிருந்தாள். அறையில் கேட்டதற்கு மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றாள். மெஷினில் கேட்டதற்கு, தூரம் மேடம், அலுத்துவிட்டது என்றாள். மூன்றாம் நாள் குர்லா வரை அவளோடு ரயிலில் போனோம். அங்கே இறங்கிப் பாலம் ஏறி மெயின் லைன் வண்டி பிடிக்க வேண்டும். கூட்டத்தில் எங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியவள், பிளாட்பாரத்தில் மூச்சு வாங்கியபடி சொன்னாள், காலையில் அவர்கள் குடியிருக்கும் சாலில், அந்த வரிசை வீடுகளில், தண்ணீர் வருவது அரை மணி நேரம்தான் என்று. பழைய ஷிஃப்டுக்குத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வண்டி பிடிக்கலாம். புது ஷிஃப்டுக்கு வர, குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். வீட்டில் ஐந்து பேருக்கு அன்றைக்குத் தண்ணீர் இல்லை.

"இதை மொதல் நாளே சொல்லியிருக்கலாமே?" என்று மேடம் தன் இந்தியில் கேட்டார்.

ஆபீஸ் அறையில் உட்கார்ந்து, குழாய்த் தண்ணீருக்காக வேலையை விடுகிறேன் என்று எப்படிச் சொல்வது, சிரிப்பார்களே என்றாள் அவள்.

அந்த வாரமே கல்யாண் பக்கத்திலிருந்து வரும் பதினொரு பெண்களுக்கு எட்டு மணி ஷிஃப்ட் திரும்பவும் கிடைத்தது. அதற்காக மேடம் எத்தனை பேரிடம் போய் நின்றார் என்று எனக்குத் தெரியும். சுனந்தா அதன் பிறகு பதினாறு வருடம் இருந்தாள்.

பேக்கிங் பிரிவில் ஒரே மாதத்தில் மூன்று பேர் கடிதம் கொடுத்தார்கள். அங்கிருந்த சூப்பர்வைசர் யாரையும் திட்டியதே இல்லை, கை ஓங்கிப் பேசியதில்லை, சாது மனிதர். இரண்டாம் நாள் அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது. எல்லாரையும் டோக்கன் நம்பரால்தான் கூப்பிடுவார். நூற்று நாற்பத்திரண்டு, இங்கே வா. மேடம் அவருக்கு மெமோ கொடுக்கவில்லை. அவர் கீழே வேலை செய்யும் பதினான்கு பேரின் பெயரைச் சொல்லச் சொன்னார். மூன்று பெயருக்கு மேல் வரவில்லை. மனிதர் தலை குனிந்துவிட்டார். ஒரு மாதம் காலையில் வருகைக் கார்டுகளை நீங்களே பெயர் சொல்லிக் கொடுங்கள் என்று மட்டும் மேடம் கேட்டுக்கொண்டார். மூன்று கடிதமும் பதிவேடு ஏறாமலே திரும்பிப் போயின.

எல்லாரையும் பிடித்து வைப்பதுதான் அவர் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்டோரில் இருந்த ஒரு பெண் நர்ஸிங் படிக்கப் போகிறேன் என்று கடிதம் கொண்டுவந்தபோது, டீகூட வருவதற்கு முன் எழுந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இதுக்கு எதுக்கு மூணு நாள்? போ, போய்ப் படி" என்று அன்றே விடுவிப்புக் கடிதம் அடிக்கச் சொன்னார்.

தப்பும் செய்திருக்கிறார். ஒரு மெக்கானிக்கின் கடிதத்தை வழக்கம்போல மூன்று நாள் இழுப்பறையில் வைத்தார். அவர் புது இடத்தில் சேர வேண்டிய நாள் தாண்டிப்போய் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. மேடம் அந்தக் கம்பெனிக்கே நேரில் போய், தப்பு என்னுடையது, அந்தப் பையனுடையது இல்லை என்று சொல்லி, வேறொரு பிரிவில் அவருக்கு இடம் வாங்கித் தந்துவிட்டுத்தான் வந்தார். அதற்குப் பிறகு, "சேர வேண்டிய நாள் ஏதாவது இருக்கா?" என்பதையும் டீக்கு முன்பே கேட்க ஆரம்பித்தார்.

இனி காஜா மைதீன் பாய் விஷயம். நான் உட்கார்ந்து எழுதுவதே இதற்காகத்தான்.

பாய்க்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பிரஸ் ஷாப்பில் செட்டர். பித்தளைத் தகட்டை அடித்து சுவிட்சின் உள்பாகங்களை வெட்டும் மெஷின்களில் அச்சைப் பொருத்தி ஓட விடுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடம் அதே ஷாப்பில் இருந்தவர். அச்சு பொருத்தும்போது கண்ணை மூடிக்கொண்டு மெஷின் சத்தத்தைக் கேட்பார், ஒரு நூல் விலகியிருந்தாலும் சொல்லிவிடுவார். அந்த மெஷின்களை ஓட்டியவர்கள் எல்லாரும் பெண்கள். அவர்களுக்கு அவர் மாமா.

ஒரு திங்கட்கிழமை அவர் கடிதம் வந்தது. கோர்ட்டு வாசலில் யாரிடமோ கொடுத்து இங்கிலீஷில் அடித்து வாங்கியிருந்தார். சொந்தக் காரணம்.

பெஞ்சில் டீ குடித்து முடித்ததும் மேடம் தன் கேள்வியைக் கேட்டார்.

"உம்மாவுக்கு முடியல மேடம். ஊருக்குப் போயிரலாம்னு பாக்கேன்" என்றார் பாய்.

"எப்போலேர்ந்து முடியலை?"

பாய் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவருடைய உம்மா அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் வீட்டுக்கு நடந்து வந்து இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போனது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் பிரஸ் ஷாப்புக்குப் போனோம். உள்ளே நுழைந்ததுமே சத்தம் மாறியிருப்பது எனக்கே தெரிந்தது. மெஷின்கள் முன்பைவிட வேகமாக அடித்துக்கொண்டிருந்தன. பாய் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு தூண் பக்கத்தில் நின்றார். அவர் அப்படிச் சும்மா நின்று நான் பார்த்ததே இல்லை. மேடம் பக்கத்தில் போய், "ஷாப்ல ஏதாவது சிரமமா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல மேடம். எல்லாம் நல்லாத்தான் ஓடுது" என்றார். சொல்லும்போது கண் மட்டும் மெஷின்கள் பக்கம் போய்ப் போய் வந்தது. மேடமும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவருக்கு ஏதோ பட்டிருக்கிறது, என்னவென்று தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

புதன்கிழமை ஷிஃப்ட் விட்டதும் அவரோடு பஸ் ஏறினோம். மேடத்துக்கும் அதே பஸ்தான், கிங்ஸ் சர்க்கிளில் இறங்குவார். பாய் ஜன்னலோரம், மேடம் பக்கத்தில், நான் முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். செம்பூர் தாண்டி ஒரு சிக்னலில் பஸ் நின்றபோது பாய் என்னைப் பார்த்துத்தான் சொன்னார், மேடத்தைப் பார்த்து இல்லை.

"தங்கச்சி, ஷிஃப்ட் முடிஞ்சு அந்தப் பிள்ளைங்க வெளிய வரையில நான் என்ன செய்யுதேன் தெரியுமா? ஒவ்வொருத்தி கையையும் பாத்து விரலை எண்ணுதேன்."

எனக்குப் புரியவில்லை. மேடம்தான் கேட்டார்.

"எப்போலேர்ந்து எண்றேள்?"

"ரெண்டு மாசமா."

அதற்குப் பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார். அந்த பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் உண்டு, இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் அச்சு கீழே இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்கு அடியில் விரல் இருக்க முடியாது, அதற்காகவே அப்படிச் செய்தது. புதிதாக வந்த உற்பத்தி மேலாளர் பாயைக் கூப்பிட்டு, ஒரு பட்டனிலேயே இறங்கும்படி வயரை மாற்றச் சொன்னார். ஒரு கை தகட்டைத் தள்ள, ஒரு கை பட்டனை அடிக்க, வேலை வேகமாக நடக்கும். கண்ட்ரோல் பெட்டியின் சாவி பாயிடம்தான் இருந்தது. நான்கு மெஷினிலும் மாற்றிக் கொடுத்துவிட்டார்.

"செய்ய மாட்டேன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. இருவத்திரெண்டு வருசத்துல மேலருந்து சொன்னத மாட்டேன்னு சொன்னதில்ல, அந்தப் பழக்கம். இப்ப என் கண்ணு முன்னாடி ஒருத்திக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்ய? அந்த நாளு வாரதுக்கு முன்னாடி போயிரணும் மேடம். அதான்."

பஸ் நகர்ந்தது.  மேடம் மெதுவாகத்தான் கேட்டார்.

"நீங்க போயிட்டேள்னா, பாய், அப்புறம் யார் எண்ணுவா?"

பாய் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அறுபதை நெருங்கும் மனிதர் நிறைந்த பஸ்ஸில் அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன். சயானில் இறங்க வேண்டியவர் இறங்கவில்லை, அவரை விட்டு நானும் இறங்கவில்லை. கிங்ஸ் சர்க்கிள் வரை வந்து எங்களோடு இறங்கி, திரும்ப நடந்தே போனார்.

வியாழன் காலை மேடம் அவரிடம், கடிதத்தோடு சேர்த்து நிரப்ப வேண்டிய விலகல் படிவத்தைக் கொடுத்து, காரணம் என்ற இடத்தில் உங்கள் கையால், உங்களுக்கு வருகிற பாஷையில் எழுதுங்கள் என்றார். பாய் தமிழில் எழுதினார். மேடம் அதை எடுத்துக்கொண்டு முதலில் உற்பத்தி மேலாளரிடம்தான் போனார். முதுகுக்குப் பின்னால் எதையும் செய்வது அவருக்குப் பிடிக்காது. பார்க்கிறேன் என்றாராம் மேலாளர். மேடம் படிவத்தை என்னிடம் கொடுத்து, இங்கிலீஷில் மொழிபெயர்த்து வை என்று சொல்லிவிட்டு ஃபோர்ட் ஏரியாவில் ஒரு மீட்டிங்குக்குப் போனார்.

அவர் போய் அரை மணி நேரம் இருக்காது, மேலாளர் என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"அந்தப் படிவம் சரியில்லை. புதுசு ஒண்ணு டைப் கரோ. ரீசன், பர்சனல். அவ்வளவுதான். பழசைக் கிழிச்சுடு."

என் வீட்டுக்காரர் வேலை செய்த மில் மூடியிருந்த காலம் அது. வீட்டில் என் ஒருத்தி வேலைதான். இரண்டு பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தன. இதையெல்லாம் காரணமாகச் சொல்லவில்லை, அப்போது என் தலைக்குள் ஓடியதைச் சொல்கிறேன். புதுப் படிவத்தை மெஷினில் சொருகினேன். பெயர், டோக்கன் எண், பிரிவு எல்லாம் அடித்தேன். காரணம் என்ற இடம் வந்ததும் விரல் நின்றது. அவர் நகரவில்லை. அடித்தேன். சொந்தக் காரணம். அவர் படித்துப் பார்த்துத் தலையாட்டி, பாயிடம் கையெழுத்து வாங்கி வை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழையதைக் கிழிக்க எடுத்தேன். பாயின் எழுத்து கொஞ்சம் கோணலாக, அழுத்தி அழுத்தி எழுதியது, தாளின் பின்பக்கம் தடவினால் விரலுக்குத் தட்டுப்படும். கிழிக்க முடியவில்லை. டிபன் பைக்குள் மடித்து வைத்தேன்.

மத்தியானம் மேடம் வந்ததும் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன், உட்காரத் தோன்றவில்லை. மேடம் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"பழசு எங்கே?"

"என் பையில இருக்கு மேடம்."

"எடுத்துண்டு வா. ரெண்டையும் சேத்துப் பின் பண்ணு."

எடுத்து வந்து பின் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ ஒரு தப்புப் பண்ணினே. இன்னொரு தப்பைப் பண்ணாம விட்டே. பாயோட காகிதம் மட்டும் இருந்தா, யாரோ கோபத்துல எழுதினதுன்னு சொல்லிடலாம். இப்போ ரெண்டு காகிதம் இருக்கு. எதை மறைக்கப் பாத்தான்னு ரெண்டாவது சொல்றது. ஆனா நான் கொண்டுபோனா அது என் வார்த்தை. அவர் சொன்னதைக் கேட்டது நீ. முதலாளி கேட்டா நீதான் சொல்லணும். வேண்டாம்னா இப்பவே சொல்லு எஸ்தர். உன் பேர் வராம நான் பாத்துக்கறேன். உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை வேண்டாம் என்றிருப்பேன்.

"வாரேன் மேடம்" என்றேன்.

முதலாளி வயதானவர், அதிகம் பேச மாட்டார். மேலாளரையும் கூப்பிட்டு வைத்திருந்தார். மேடம் இரண்டு தாளையும் அவர் முன்னால் வைத்தார். தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு முதலாளி என்னை நிமிர்ந்து பார்த்தார், படி என்பதுபோல. முதலில் தமிழில் படித்தேன்.

'நாலு பிரஸ் மெஷினில் ஒரு பட்டனிலே இறங்கும்படி வயர் மாற்றிப் போட்டேன். சொன்னதால் செய்தேன். ஆனால் செய்தது என் கை. அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்று நடந்தால் நின்று பார்க்க என்னால் முடியாது. அதனால் வேலையை விடுகிறேன்.'

பிறகு அதையே இந்தியில் சொன்னேன். மேலாளர் குறுக்கிட்டு, பாஷை சரியில்லை, திருத்தி எழுதத்தான் சொன்னேன் என்றார். முதலாளி இரண்டாவது தாளை எடுத்து, இதை யார் அடித்தது என்று கேட்டார்.

"நான்தான் அடித்தேன். இவர் சொன்னார். பழையதைக் கிழிக்கச் சொன்னார். நான் கிழிக்கவில்லை."

என் குரல் அந்த அறையில் அவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று எனக்கே தெரியாது.  முதலாளி எழுந்தார். எழுந்து நேராக பிரஸ் ஷாப்புக்கு நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம்.

அவரைப் பார்த்ததும் பெண்கள் கையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். ஓட்டிக் காட்டு என்று முதலாளி பாயிடம் சொன்னார். பாய் தகட்டை எடுக்கப் போனார். அப்போது மேடம், "தகடு வேண்டாம்" என்று சொல்லித் தன் கையிலிருந்த பென்சிலை நீட்டினார். விரல் கனம்கூட இல்லை அந்தப் பென்சில். பாய் அதை வாங்கி அச்சுக்கு அடியில் வைத்துவிட்டு, இடது கையைத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். வலது கையால் ஒரே ஒரு பட்டனைத் தட்டினார்.

முறிந்த சத்தம்கூடத் தனியாகக் கேட்கவில்லை. பென்சில் இரண்டாகக் கிடந்தது.

முதலாளி அதைக் குனிந்து எடுத்துப் பார்த்தார். நாலு மெஷினையும் நிறுத்துங்கள் என்றார். அவ்வளவுதான்.  துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மேலாளர் மேல் என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அங்கேதான் இருந்தார். மேலே இருந்து கேட்ட உற்பத்திக் கணக்குக்குப் பயந்து செய்தேன் என்று ஒருமுறை மேடத்திடம் அவரே வந்து சொன்னார். மேடம் அவரையும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் பேசினார். என்னை மேலாளர் ஒன்றும் செய்யவில்லை. செய்யவிடாமல் யார் பார்த்துக்கொண்டது என்று நான் கேட்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் மேடம் இழுப்பறையைத் திறந்து பாயின் கடிதத்தை எடுத்தார்.

"இது இன்னும் பதிவேட்டுல ஏறலை. உங்க காகிதம், உங்க இஷ்டம். இப்போ என்ன தோண்றது?"

பாய் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நான் போட்ட வயர நானே எடுத்துட்டு வாரேன். அதுக்குப் பொறவு சொல்லுதேன்" என்றார். பிறகு வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "ஒண்ணு கேக்கட்டா மேடம்? அந்தப் பெட்டிச் சாவி இனி உங்க ஆபீஸ்ல இருக்கட்டும். யாருக்கு வேணும்னாலும் எழுதிக் கொடுத்துட்டு வாங்கிட்டுப் போகட்டும். எனக்கும் சேத்துத்தான்."

அன்றிலிருந்து அந்தச் சாவி என் மேஜையில் இருந்தது.

மறுநாள் பாய் காலை ஏழு மணிக்கே வந்து நான்கு மெஷினின் பெட்டியையும் திறந்து வயரைப் பழையபடி மாற்றினார். ஒவ்வொன்றையும் மாற்றியதும் தானே உட்கார்ந்து ஒரு கையால் தட்டிப் பார்த்தார். அச்சு அசையவில்லை. இரண்டு கையாலும் தட்டினார். இறங்கியது. எனக்கு அங்கே வேலையில்லை, ஆனாலும் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேடமும் வந்தார்.

நாங்கள் நினைத்தது, பெண்கள் அவரைக் கும்பிடுவார்கள் என்று. நடந்தது வேறு. வேகம் குறைந்துவிட்டதே, அதிகம் அடித்தால் கிடைத்துக்கொண்டிருந்த இன்சென்டிவ் போய்விட்டதே என்று பத்து மணிக்குள் ஷாப் முழுக்க முணுமுணுப்பு. மான்குர்த்திலிருந்து வரும் ஷோபா என்ற பெண் நேராக எழுந்து பாய் முன்னால் வந்து நின்றாள். உங்களை யார் கேட்டது மாமா, எங்கள் கை எங்களுக்குத் தெரியாதா, இரண்டு மாதமாக ஒன்றும் ஆகவில்லையே, எங்கள் வாயில் மண்ணைப் போட்டீர்களே என்று இந்தியிலும் மராத்தியிலும் மாற்றி மாற்றிப் பொரிந்தாள். மெஷின்கள் நின்று எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. இவளுக்காக அந்த மனிதர் இருபத்திரண்டு வருட வேலையை விடத் தயாராக இருந்தார் என்று சொல்லிவிட வாயெடுத்தேன்.

பாய் என் கையைத் தொட்டு நிறுத்தினார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

"ஏசட்டும் தங்கச்சி, விடு. ரெண்டு கையையும் விரிச்சு விரிச்சு எப்படி ஏசுதா பாரு."

அவள் ஏசி முடிக்கும்வரை நின்று கேட்டார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவள் மெஷினுக்கு அச்சு பொருத்தப் போனார்.